ஸ்டக்கோ கராஜ் கிட்டைக் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியைக் காட்டும் மாதிரி ரயில் லேஅவுட்டில், தண்டவாளத்தை ஒட்டிய சிற்றூர்த் தெருவில், ஒரு ஸ்டக்கோ கராஜ் இருந்தால்தான் அந்த இடம் கலிஃபோர்னியா என்று கண்ணுக்குப் புலப்படும். 1915இல் சான் டியேகோவில் தொடங்கிய பனாமா–கலிஃபோர்னியா கண்காட்சி ஸ்பானிய பாணிக் கட்டடங்களின் மீது பெரும் விருப்பத்தை உண்டாக்கியது. 1925ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த சாந்தா பார்பரா நகரமும் அதே பாணியில் மீண்டும் எழுப்பப்பட்டது. அந்த அலையில் பெட்ரோல் நிலையங்களும் கார் பழுதுபார்க்கும் கூடங்களும்கூட வெளிர் நிறப் பூச்சும் சிவப்பு ஓட்டு விளிம்பும் பெற்றன. ஸ்டக்கோவுக்குச் சுதை என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு. ஆயினும் அச்சொல் நமக்குக் கோபுரத்தையும் அதன் சிற்பங்களையும் நினைவூட்டுவதாலும், இங்கே பேசப்படுவது சிமென்ட், சுண்ணாம்பு, மணல் கலந்த எளிய வெளிச்சுவர்ப் பூச்சு என்பதாலும், கிட் எனப்படும், துண்டுகளை ஒட்டிக் கட்டும் மாதிரித் தொகுப்பின் பெட்டியில் உள்ள பெயரையே பயன்படுத்துகிறேன்.

இந்தக் கிட்டைக் கட்டுவோர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, சுவரின் சொரசொரப்பை மிகைப்படுத்துவதே. ஸ்டக்கோ என்றால் கரடுமுரடானது என்று மனத்தில் பதிந்திருப்பதால், பசை தடவி மணலைத் தூவுகிறோம், அல்லது மணல் கலந்த பெயின்ட்டைப் பூசுகிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏன் பொருந்தாது என்பது விளங்கும். மரச் சட்டத்தின் மேல் மூன்று அடுக்காகப் பூசப்படும் உண்மையான ஸ்டக்கோவின் மொத்தக் கனம் வழக்கமாக முக்கால் அங்குலத்திலிருந்து எட்டில் ஏழு பங்கு அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 20 மி.மீ. இருக்கும். மாதிரி ரயில்களில் எச்.ஓ. (HO) எனப்படும் 1:87 அளவில் அது கால் மி.மீ.க்கும் குறைவு. அரை மி.மீ. பருமனுள்ள ஒரு மணல் துகளை அந்தச் சுவரில் ஒட்டினால், உண்மைக் கட்டடத்தில் அது நான்கு சென்டிமீட்டருக்கும் பெரிய கல்லாக, பூச்சின் மொத்தக் கனத்தைவிட இரு மடங்காகத் துருத்திக்கொண்டு நிற்கும். ‘என்’ (N) எனப்படும் 1:160 அளவில் அதே துகள் எட்டு சென்டிமீட்டர் கல்லாகிவிடும். மேலும், எச்.ஓ. லேஅவுட்டை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவர், உண்மையில் 87 மீட்டர் தள்ளி நின்று அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவருக்குச் சமம். அத்தொலைவில் பூச்சின் மணல் எவர் கண்ணுக்கும் தெரியாது, சுவரின் பளபளப்பற்ற மென்மை மட்டுமே தெரியும்.

ஆகவே நாம் தேட வேண்டியது கண்ணுக்கு அரைகுறையாகத் தட்டுப்படும் ஒரு மங்கல் தன்மையை மட்டுமே. பளபளப்பில்லாத அக்ரிலிக் பெயின்ட்டில் சிறிதளவு டால்கம் பவுடரைக் குழைத்து, முனை தேய்ந்த பழைய தூரிகையால் இழுக்காமல் ஒற்றி ஒற்றிப் பூசினால் அது கிடைக்கும். ஸ்ப்ரே ப்ரைமரை வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடிப்பதும் உதவும். துளிகள் பாதி உலர்ந்த நிலையில் சுவரைச் சேர்வதால் நுண்ணிய புள்ளித் தன்மை தானாகவே உண்டாகும். சமையல் சோடாவைத் தூவும் வழக்கமும் உண்டு. அது நீரில் கரையும் பொருள் என்பதால், நீர் கலந்த பெயின்ட்டின் மேல் அதை நான் நம்புவதில்லை. எந்த முறையானாலும், கிட்டில் எஞ்சும் துண்டு ஒன்றில் முதலில் பூசி, உலர்ந்த பின் கை நீட்டும் தொலைவிலிருந்து பார்த்துவிட்டே சுவரில் கை வைக்க வேண்டும். நான் கட்டிய முதல் கராஜில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை; இரண்டு மாலைப்பொழுதுகள் உப்புத்தாள் கொண்டு தேய்த்தும் அந்தச் சுவர் மீளவில்லை.

அடுத்த தவறு வேலையின் வரிசையில் நேர்கிறது. நான்கு சுவர்களையும் தனித்தனியே பூசி அழகுபடுத்திவிட்டு, பிறகு ஒட்டுகிறோம். மூலைகளில் நான்கு செங்குத்துக் கோடுகள் தெரிகின்றன. ஸ்டக்கோவின் இயல்பே மூலையைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஓடுவது. அந்தக் கோடு தெரிந்த உடனேயே கட்டடம் அட்டைப்பெட்டியாகிவிடுகிறது. சுவர்களை மூலைமட்டம் வைத்து நேராக ஒட்டி, இணைப்புகளில் பட்டி நிரப்பித் தேய்த்து, கூர்மையான விளிம்பை மிக லேசாக மழுங்கச் செய்த பிறகே பூச்சு வேலை தொடங்க வேண்டும். ஜன்னல்களையும் கதவையும் அதற்கும் பிறகு பொருத்த வேண்டும். அவை பொருந்தும் திறப்புகளின் உள்விளிம்பில் பூச்சு ஏறினால் சட்டம் நுழையாது. வலிந்து அழுத்தினால் பூச்சு பெயரும்.

சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பார்க்காமல் எல்லாக் கிட்டையும் ஒரே விதமாக நடத்துவதும் கூடாது. லேசரால் வெட்டிய மெல்லிய மரச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர் கலந்த பெயின்ட்டைப் பூசினால் அது வளையும். இரு பக்கமும் பூசி, உட்புறத்தில் மரக் குச்சிகளால் முட்டுக்கொடுத்து, எடை வைத்து உலர்த்த வேண்டும். பிளாஸ்டர் வார்ப்புச் சுவர் வளையாது, ஆனால் உடையும். பசையிலும் பெயின்ட்டிலும் உள்ள ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் நீர்த்த ஒரு பூச்சு கொடுத்து அதன் தாகத்தை அடக்க வேண்டும். அதன் ஓரங்களைக் கத்தியால் செதுக்காமல், கண்ணாடிப் பலகையின் மேல் விரித்த உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துப் பொருத்துவதே பாதுகாப்பானது.

கதவின் அளவைக் கார் ஒன்றை நிறுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எட்டடி அகலக் கதவு எச்.ஓ. அளவில் 28 மி.மீ.; கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 1:64 பொம்மைக் கார் அதன் அருகே நின்றால் கட்டடம் குறுகிப்போனதாகத் தோன்றும்.

நிறத்தில் நேரும் பிழை, புட்டியிலிருந்து எடுத்த வெள்ளையை அப்படியே பூசுவது. சிறிது காவியும் மிகச் சிறிது சாம்பலும் கலந்த வெள்ளையே வெயிலில் காய்ந்த சுவரைப் போலத் தோன்றும். பழைமையைக் காட்ட விரிசல் வரைபவர்கள், 0.3 மி.மீ. பென்சில் கோடுகூட உண்மையில் இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பிளவு என்பதை மறந்துவிடுகிறார்கள். விரிசல் சுவரின் நடுவே எங்கோ தோன்றுவதும் அரிது. ஜன்னல், கதவு ஆகியவற்றின் மூலைகளில் அழுத்தம் குவிவதால் அங்கிருந்தே சாய்வாகக் கிளம்பும். ஆகவே அந்த இடங்களில் நீர்த்த சாம்பல் நிறத்தால் ஓரிரு மெல்லிய கோடுகள் போதும். கறையும் அவ்வாறே நீரைப் பின்தொடர வேண்டும்: கைப்பிடிச்சுவரின் நீர்போக்கித் துளைகளுக்குக் கீழேயும், மழைத்துளி தெறித்து மண் படியும் அடிப்பகுதியில் மூன்று, நான்கு மி.மீ. உயரம் வரையிலும் அது இருக்கட்டும். மங்கல் வார்னிஷ் அடித்த சுவரின் மேல் ஆல்கஹால் கலந்த மையைப் பூசுவது இன்னொரு ஆபத்து. வார்னிஷ் வெளுத்துச் சுவர் முழுவதும் வெண்படலம் படர்ந்துவிடக்கூடும்.

உள்ளே விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால், கூரையை மூடுவதற்கு முன்பே சுவர்களின் உட்புறத்தில் கறுப்பும் அதன் மேல் வெளிர் நிறமும் பூசிவிடுங்கள். இல்லையெனில் மெல்லிய பிளாஸ்டிக் சுவர் இரவில் காகித விளக்கைப் போல ஒளிரும். கடைசியாக, கட்டடத்தை முடிந்த தரையின் மேல் வெறுமனே வைத்துவிடாதீர்கள். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே தெரியும் இருண்ட கீற்று, அதுவரை செய்த வேலை அனைத்தையும் கெடுத்துவிடும். கட்டடத்தின் அடித்தளத்தை முதலில் பதித்து, அதன் விளிம்பு வரை மண் தூளை நிரப்பி, நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக இட்டு உறையவிட்ட பிறகு, கதவின் முன்னுள்ள சிமென்ட் தளத்தைத் தெருவின் மட்டத்தோடு இணைத்துவிடுங்கள்.