வேப்பெண்ணெய்: முதலில் சோப்பு, பிறகு தண்ணீர்

காரிடார் தொட்டி மிளகாயிலோ கறிவேப்பிலையிலோ மாவுப்பூச்சி வந்தால், 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி பாத்திரம் கழுவும் சோப்போடு வெள்ளையாகும்வரை குழைத்து, அதன்பிறகே 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதக்கும்; ஒரு இலைக்கு வெறும் தண்ணீர், அடுத்த இலைக்கு வெறும் எண்ணெய், அது கருகியும் போகும். மாலையில் இலையின் அடிப்பக்கமும் கணுக்களும் நனையத் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மிச்சக் கலவையை எடுத்துவைக்காதீர்கள், பிரிந்துவிடும்.

எறும்பு ஏறும் தொட்டியில் முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும், அதுதான் பூச்சியைத் திரும்பக் கொண்டுவரும். வேரிலும் இந்தப் பூச்சியின் வெள்ளை படிந்திருந்தால் இந்தக் கலவை பலிக்காது, மண்ணையே மாற்றுங்கள்.