தஹீனை மிளகாய்த்தூள் போலப் புழங்காதீர்கள்

மெக்சிகோவின் தெருவோரப் பழவண்டிகளில் மாம்பழம், வெள்ளரி, ஹிகமா என்ற வெள்ளைக் கிழங்கு எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் நிறுத்தி, எலுமிச்சையைப் பிழிந்து, மேலே சிவப்பாக ஒரு தூளைத் தூவித் தருவார்கள். அந்த வகைத் தூளில் பேர்போனது தஹீன். ஹலிஸ்கோ மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய நிறுவனம் தயாரிப்பது. வேராக்ரூஸ் மாநிலத்தில் இருக்கும் எல் தஹீன் என்ற பழங்கால நகரத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். மெரினாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்றைத் தின்று வளர்ந்த நாக்குக்கு இதன் ருசி உடனே பிடித்துவிடும். சிக்கலும் அங்கேதான் வருகிறது. சிவப்பாக இருக்கிறதே என்று மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, அதைப் போலவே அள்ளிப் போடுகிறோம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதித் தவறு குறையும். மிளகாய், கடல் உப்பு, உலர்த்திய எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், கட்டிப்படாமல் இருக்க ஒரு பொருள். கால் தேக்கரண்டி, அதாவது 1 கிராம் தூளில் 190 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது என்று புட்டியிலேயே போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் எடையில் கிட்டத்தட்டப் பாதி உப்பு! வழக்கம்போல உப்புப் போட்டு வேகவைத்த சோளத்தின் மேல் இதையும் தூவினால் வாயில் வைக்க முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு முழுத் தேக்கரண்டித் தூளிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் வீட்டில் இதை நிச்சயம் கவனிக்க வேண்டும். குழந்தைகள் உள்ளங்கையில் கொட்டி நக்கினாலும் விடாதீர்கள்.

எண்ணெயில் போடுவது அடுத்த தவறு. எஸ்கீத்தஸ் என்று மெக்சிகோவில் கோப்பையில் தரும் சோளமணி உண்டு. முதல் தடவை அதைச் செய்தபோது, நம் வழக்கப்படி சூடான வெண்ணெயில் முதலில் இந்தத் தூளைப் போட்டுக் கிளறினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிவப்பு நிறம் காப்பிப் பொடி நிறமாகிவிட்டது, வீடெல்லாம் நெடி. சாப்பிட்டுப் பார்த்தால் மிளகாய் கருகிய கசப்பு இருந்தது, புளிப்பும் இருந்தது, எலுமிச்சை மணம் மட்டும் இல்லை. அடுத்த முறை சோளமணியை வெண்ணெயில் வதக்கி, அடுப்பை அணைத்து, கிண்ணத்தில் மாற்றி, மயோனைஸும் உப்புச் சீஸும் கலந்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, கடைசியாகத் தூவினேன். சிவப்புப் புள்ளிகள் அப்படியே மேலே நின்றன. முதலில் புளிப்பும் உப்பும் சுள்ளென்று ஏறின, காரம் பின்னால் மெதுவாக வந்தது. இந்தத் தூளின் அழகே அந்த வரிசைதான். மீனோ கோழியோ வறுத்தாலும் இதே கதைதான்: தட்டுக்கு வந்த பிறகு தூவுங்கள்.

பழத்தில் இன்னொரு விதமாகக் கெடும். விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தர்பூசணியை வெட்டித் தூவி வைத்துவிட்டால், உப்பு பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். தட்டில் சிவப்புத் தண்ணீர் தேங்கும், துண்டுகள் தொய்ந்துபோகும். பழத்தை வெட்டிக் குளிரவைத்துக்கொள்ளுங்கள், தூவுவதைப் பரிமாறும் நேரத்துக்கு விடுங்கள். முதலில் எலுமிச்சை, பிறகு தூள். அந்த ஈரத்தில்தான் தூள் ஒட்டும். சாறு டம்ளரின் விளிம்பில் தடவும்போதும் அப்படியே. வெறும் தண்ணீரில் நனைப்பதைவிட எலுமிச்சை மூடியால் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டுத் தூளில் அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும்.

கொதிக்கும் பால், கிரீம் சேர்ந்த சூப்பில் கலக்க வேண்டாம், புளிப்பு பட்டுத் திரிந்துபோகலாம். ஆவி பறக்கும் சட்டிக்கு நேர் மேலே புட்டியைக் கவிழ்த்துக் குலுக்குவதும் வேண்டாம். துளைகளில் ஈரம் ஏறி, இரண்டே நாளில் கல்லாகிவிடும்.

கிடைக்காத ஊரில் சாட் மசாலாவைத் தூவிச் சமாளிக்கிறார்கள். சீரகமும் கருப்பு உப்பும் சேர்ந்த அது வேறு ருசி, நல்ல ருசிதான், ஆனால் இது இல்லை. அதைவிட வீட்டில் செய்துகொள்ளலாம். குண்டு மிளகாய் மட்டும் போட்டு அரைத்தால் காரம் தூக்கலாகிவிடும். அசல் தஹீனில் இருக்கும் குவாஹியோ என்ற மெக்சிகோ மிளகாய் நிறம் அதிகம், காரம் குறைவு. நமக்கு அதற்குக் கிட்டத்தில் வருவது காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய். எலுமிச்சைக்குக் கவலையே இல்லை. மெக்சிகோவில் புழங்குவதும் நம் ஊர் எலுமிச்சை போன்ற சின்ன, மெல்லிய தோல் காய்தான். எலுமிச்சை ஆசியாவிலிருந்து அங்கே போனது, மிளகாய் அங்கிருந்து நமக்கு வந்தது.

எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் துருவிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். கையில் நொறுங்கும் வரை நிழலில் காயவைத்து, காம்பும் விதையும் நீக்கிய மிளகாய், கல் உப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலத்தோடு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். நைஸாக வேண்டாம், ரவை பதம் போதும். தோலில் துளி ஈரம் இருந்தாலும் பொடி பிசுபிசுத்துவிடும்.