வீட்டை நடத்தும் பழக்கம்: சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கு

என் அப்பா 2019இல் இறந்தார். வீட்டின் மொத்த நிர்வாகமும் அவர் சட்டைப் பையில் இருந்தது. நிஜமாகவே சட்டைப் பையில்தான்: ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்ன டைரி, மடித்த ரசீதுகள், இரண்டு பேனா. கரண்ட் பில், வீட்டு வரி, மளிகைக் கடை பாக்கி, யாருக்குக் கைமாற்றாக எவ்வளவு கொடுத்தார், எல்லாம் அந்த டைரியில். அவர் கையெழுத்தை அவரால் மட்டும்தான் படிக்க முடியும். எந்த வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு டெபாசிட்டுக்கு நாமினியே போடவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், அதை எடுத்துக்கொண்டு வங்கி, அங்கே ‘இன்னொரு கையெழுத்து குறைகிறது’ என்று திருப்பி அனுப்ப மறுபடி வீடு என்று நான்கு மாதம் அலைந்தோம்.

அப்பா பொறுப்பில்லாதவர் இல்லை. இருந்தவரை எங்களில் ஒருவரையும் எதற்கும் அலைய விட்டதில்லை. அதனால்தான் அவர் போன பிறகு எங்கே போய் அலைவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

நானும் அதே மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறேன் என்பது 2021இல் கொரோனா வந்து மாடி அறையில் தனியாகக் கிடந்தபோதுதான் உறைத்தது. கீழேயிருந்து போன் மேல் போன். “ஏங்க, சிலிண்டர் எந்த நம்பர்ல புக் பண்ணுவீங்க?” “அப்பா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?” “தம்பி, பால்காரருக்குப் போன மாசம் குடுத்தியா இல்லையா?” காய்ச்சலைவிட அந்தப் போன்கள்தான் படுத்தின.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டுக்குத் தலைமை தாங்குவது என்றால் வேறொன்றுமில்லை, நாம் பக்கத்தில் இல்லாதபோதும் வீடு ஓட வேண்டும். ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு மாதக் காலண்டர், ஒரு பேனா போதும். செயலி எதுவும் வேண்டாம். நான் மூன்று செயலி போட்டுப் பார்த்து மூன்றையும் அழித்தவன்.

படி 1: முதலில் உங்களுக்கு நீங்களே ஒரு சின்ன வேலை

ஆர்வத்தில் எல்லோரும் வீட்டாரைத் திருத்துவதிலிருந்து ஆரம்பிக்கிறோம். வேண்டாம். முதல் இரண்டு மாதம் வீட்டில் யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். உங்களுக்கு மட்டும் ஒரே ஒரு காரியம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற காரியமாக, நீங்கள் தினமும் எப்படியும் செய்யும் ஒன்றோடு ஒட்டியதாக அது இருக்கட்டும். ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்பதெல்லாம் நிற்காது. ‘ராத்திரி சாப்பிட உட்காரும்போது போனை ஃபிரிட்ஜ் மேல் வைப்பேன், கடைசி ஆள் கை கழுவும்வரை எடுக்கமாட்டேன்’ என்பது நிற்கும். எப்போது, எங்கே, எதுவரை என்று மூன்றும் அதில் இருக்கிறது, பாருங்கள்.

நான் வைத்துக்கொண்டது அதுதான். முதல் வாரம் கை தானாக ஃபிரிட்ஜ் பக்கம் போகும். நாலாம் நாள் ‘ஆபீஸ் மெசேஜ்’ என்று சொல்லி எடுத்தேன். அதில் பார்த்தது ஆபீஸ் மெசேஜ் இல்லை, கிரிக்கெட் ஸ்கோர். ஐந்தாவது படிக்கும் பையன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்படித் தவறும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். சாக்கு சொல்லாமல் “இன்னைக்கு எடுத்துட்டேன், தப்பு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நம் வெற்றியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட, தவறிய பிறகு என்ன செய்கிறோம் என்பதைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எத்தனை நாள் ஆகும்? 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதிய குறிப்பு, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் லண்டனில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்க 66 நாள் வாக்கில் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. நம் ஊரில் மருந்துக்கு ஒரு மண்டலம் 48 நாள் என்பார்கள், சபரிமலைக்கு 41 நாள் விரதம். இதை அம்மாவிடம் சொன்னபோது, “இதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா?” என்றார்.

காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அது போதும்.

படி 2: வேலையைப் பிரிக்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள்

“போய் அந்த பில்லைக் கட்டிட்டு வா” என்றால் அது வேலை. எப்போது கட்ட வேண்டும், எவ்வளவு வரும், ஏன் கூடியது என்று எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும்படி விடுவது பொறுப்பு. இரண்டும் ஒன்றில்லை.

2024இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகளிடம் கரண்ட் பில்லைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ரீடிங் எடுக்க வருபவர் அட்டையில் குறிப்பதை அவள் நோட்டில் எழுதினாள். அப்போது முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், நடுவில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறிவிடும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். இத்தனை வருடம் பில் கட்டிய எனக்கு அது தெரியாது. மே மாதம் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, “பாட்டி ரூம் ஏசிய நான் ஒண்ணும் சொல்லல. உங்க ரூம் ஏசிய மட்டும் விடியக்காலை நாலு மணிக்கு ஆஃப் ஆகுற மாதிரி டைமர் போடுங்க” என்றாள். போட்டோம். அந்த முறை 500க்குள் நின்றது.

இதில் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. அவள் ஒருமுறை கடைசித் தேதியை மறந்துவிட்டாள். எனக்குத் தேதி ஞாபகம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அபராதம் சில்லறைக் காசுதான், ஃபியூஸைப் பிடுங்கும் அளவுக்கு விடமாட்டேன் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பொறுப்பைக் கொடுக்கும் முன்னால் அந்தக் கோட்டை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்: எதுவரை கெட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று. மருந்து, பள்ளிக் கட்டணம் போன்றவற்றில் இந்த விளையாட்டு வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு மாடியில் இருக்கும் செடிக்குத் தண்ணீர், சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதுவது போன்றவை சரியாக வரும். எங்கள் வீட்டில் சிலிண்டர் தேதி பையன் இலாகா.

படி 3: ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

எல்லோரும் உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு நேரம். எங்களுக்கு ஞாயிறு காலை, இட்லி முடிந்து கறிக்கடைக்குக் கிளம்பும் முன். ஒரு கடிகாரத்தை நடுவில் வைத்துவிடுங்கள், இருபது நிமிடம்தான்.

எங்கள் முதல் மூன்று ஞாயிறும் படுதோல்வி. நான் நோட்டைத் திறந்து கணக்குக் கேட்க, அது கோர்ட்டு மாதிரி ஆகிவிட்டது. மகள் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மனைவி சமையலறையிலிருந்தே, “இதுக்கு நீங்க திட்டுறதே தேவல, சீக்கிரம் முடியும்” என்றாள். நியாயமான பேச்சு.

நாலாவது வாரம் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, மார்க் பேச்சு கிடையாது. இரண்டு, முதலில் பேசுவது வீட்டில் சின்னவர், கடைசியில்தான் நான். ஆளுக்கு மூன்று கேள்வி: போன வாரம் எது நன்றாக நடந்தது, எது இழுபறியாக இருக்கிறது, வரும் வாரம் யாருடைய உதவி வேண்டும். அம்மா முதலில் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றே ஓட்டினார். ஐந்தாறு வாரம் கழித்து ஒருநாள், பாத்ரூம் வாசலில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்றார். எத்தனை நாளாகச் சுவரைத் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தாரோ! அன்று மாலையே கொத்தனாரை வரச் சொன்னோம்.

பேசியதில் முடிவானதை மட்டும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: யார், எதை, எந்தத் தேதிக்குள். அடுத்த வாரம் அந்த வரியிலிருந்து ஆரம்பம்.

படி 4: பெரிய செலவுக்கு ஒரு ஞாயிறு காத்திருப்பு

இது சின்ன விஷயம். ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 2,000 ரூபாய். அதற்கு மேல் எதை வாங்குவதானாலும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும், என்னையும் சேர்த்து. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஃபரில் கண்ணில் பட்ட ஹெட்போன் ஞாயிறு காலை அவ்வளவு அவசியமாகத் தெரியாது.

படி 5: ‘நான் இல்லாவிட்டால்’ ஃபைல்

பலர் இதைத் தள்ளிப்போடுவார்கள், அபசகுனம் என்பார்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். அம்மாதான், “எழுதி வைக்கட்டும்மா, நான் பட்டது போதும்” என்று பேச்சை முடித்தார்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், கடன்கள், கொடுத்த கைமாற்று, வாங்கிய கைமாற்று. பாஸ்வேர்டு எழுத வேண்டாம், எது எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி இருக்கிறாரா என்று பாஸ்புக்கில் பாருங்கள். இல்லாவிட்டால் கிளைக்குப் போய் ஒரு படிவம் கொடுத்தால் போதும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டுக்கொள்ளலாம்.

வருடத்துக்கு ஒருமுறை கணக்கிலிருந்து தானாகப் போகும் பணத்தையும் எழுதுங்கள். வங்கி வழியாகச் சேர்ந்திருந்தால், பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய் எடுப்பார்கள். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடத்துக்கானவை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும். ஆகவே காலண்டரில் மே 20ஐச் சிவப்பில் வட்டமிடுங்கள். 436 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பீடு இருந்தது என்பதே தெரியாமல் விட்டுவிடுவது எவ்வளவு கொடுமை.

கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போன் நம்பர்கள்: ஆம்புலன்ஸ் 108, ஆன்லைனில் பணம் ஏமாந்தால் உடனே 1930, குடும்ப டாக்டர், பக்கத்து வீட்டு அண்ணன். ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஃபைல் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அங்கே வைத்தால் யாரும் இடம் மாற்ற மாட்டார்கள்.

படி 6: மூன்று நாள் வெளியூர் போங்கள்

ஆறேழு மாதம் ஆனதும் ஒரு பரீட்சை. தனியாக மூன்று நாள் ஊருக்குப் போங்கள். வீட்டுக்குப் போன் செய்யலாம், ஆனால் “பால் வாங்கியாச்சா, மோட்டார் போட்டாச்சா” என்று கேட்கக்கூடாது. திரும்பி வந்ததும் எது நின்றுபோயிருக்கிறதோ, அது இன்னும் உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு அதை நோட்டுக்கு மாற்றிவிடுங்கள். முதல் தடவை எனக்கு மூன்று விஷயம் மாட்டின: மோட்டார் ஸ்டார்ட்டர், பால்காரர் கணக்கு, தண்ணீர் லாரி நம்பர்.

இரண்டாவது தடவை தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மூன்று நாளும் வீட்டிலிருந்து எதையும் கேட்டு ஒரு போன் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திரும்பி வந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது காலண்டரைப் பார்த்தேன். 17ஆம் தேதிக் கட்டத்தில் பையன் கையெழுத்தில், கோணல்மாணலாக: ‘கேஸ் தீந்துச்சு. மாத்தியாச்சு. அடுத்தது புக் பண்ணியாச்சு. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்னு அக்கா சொன்னா.’