ரோலர் டிரெய்லர் பராமரிப்பு: படகு வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடாவில் அக்டோபர் பிறந்ததும் ஸ்னாப்பர் மீனின் பருவம் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுவதும் வீட்டின் பக்கவாட்டில் அசையாமல் கிடந்த படகுகள் ஒரே வார இறுதியில் சாலைக்கு வருகின்றன. அந்த நாட்களில் துறைக்குப் போகும் வழியில், ஒரு பக்கச் சக்கரம் சாய்ந்து நிற்கும் டிரெய்லரையும், அதன் அருகே கையில் கிரீஸோடு செய்வதறியாமல் நிற்கும் மனிதரையும் பல முறை கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் கவனக்குறைவானவர்கள் அல்லர். டிரெய்லரை நன்றாகக் கழுவி, எண்ணெய் விட்டு வைத்திருப்பவர்களே. ஆனால் ரோலர் டிரெய்லர் எதற்காக அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டால், எவ்வளவு அக்கறை காட்டினாலும் அது தவறான இடத்தில் போய்ச் சேரும்.

படகு டிரெய்லர்களில் ஒரு வகையில், நீளவாட்டில் பொருத்திய சறுக்குப் பலகைகளின் மேல் படகு அமர்கிறது. அதை இறக்க வேண்டுமானால், படகு தானே மிதக்கும் ஆழம் வரை டிரெய்லரைத் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும். ரோலர் வகையில், படகின் அடிமுதுகாகிய ஏராவின் கீழ் நடுவரிசையாகவும், இரு பக்கங்களிலும் ஆடும் கைகளில் கொத்தாகவும் உருளைகள் இருக்கும். படகு அவற்றின் மேல் உருண்டு இறங்கும். கைப்பிடியைச் சுற்றிப் பட்டையை இழுக்கும் வின்ச்சால் இழுத்தால் உருண்டு ஏறும். இந்த வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முக்கியமான காரணம், பேரிங்குகள் அடங்கிய சக்கர மையமாகிய ஹப் நனையாமலேயே வேலையை முடித்துவிடலாம் என்பதுதான். ஆகவே, பின்னால் இருப்பவர் காத்திருக்கிறாரே என்ற அவசரத்தில் மட்கார்டு மூழ்கும் வரை டிரெய்லரைத் தள்ளுவதை முதல் தவறாகச் சொல்வேன். டயரின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும் என்ற சரிவில், அச்சு வரை மூழ்கடிப்பதால் எந்த நன்மையும் இல்லை.

இதன் காரணத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதனுள் அடைபட்ட காற்றும் விரிந்திருக்கும். அந்த நிலையில் குளிர்ந்த கடல்நீரில் அமிழ்ந்தால் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெளியே உள்ள உப்புநீரைப் ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் வளையமாகிய சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த கிரீஸ் பால் ஊற்றிய காப்பி போல வெளுத்துவிடும். அதன் பின் டிரெய்லர் வாரக்கணக்கில் நிற்கும்போது, பேரிங்கின் உருளைகள் வளையத்தைத் தொடும் கோடுகளில் துரு பிடித்துக் குழிகள் விழுகின்றன. பேரிங் சாலையில் நொறுங்கினாலும், அதன் அழிவு வீட்டு வாசலில் நின்ற நாட்களிலேயே தொடங்கிவிட்டது. நீர்மட்டம் இறங்கிய வேளையில் ஆழமாகப் போவதைத் தவிர்க்க முடியாதென்றால், துறையை அடைந்தபின் அரை மணி நேரமாவது காத்திருந்து, ஹப்பின் மேல் கையை வைத்துச் சூடு இறங்கியதை உறுதி செய்துகொண்டு இறக்க வேண்டும். படகில் சாமான்களை ஏற்றுவது, கட்டுகளை அவிழ்ப்பது, படகின் வடிகால் துளைக்கு அடைப்பானைப் பொருத்துவது எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும்.

ஹப்பின் முனையில் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடியைப் பொருத்தியிருப்பவர்கள், அதன் பின் ஹப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. அந்த மூடி, உள்ளே சிறிதளவு அழுத்தத்தை நிலைநிறுத்தி நீர் புகுவதைக் குறைக்கும் நல்ல சாதனம்தான். ஆனால் கிரீஸ் செலுத்தும் துப்பாக்கியால் கிரீஸை அழுத்திக்கொண்டே போனால் பின்பக்கச் சீல் பிதுங்கிவிடும். நீர் நுழைய வழி திறப்பதோடு, பிரேக் உள்ள சக்கரமாக இருந்தால் கிரீஸ் அதன் மேலும் வழியும். வெளியிலிருந்து புதிய கிரீஸைத் திணிப்பதால் பழைய கிரீஸில் கலந்த நீர் வெளியேறிவிடாது. உப்புநீரில் பயன்படும் டிரெய்லருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஹப்பைக் கழற்றி, பேரிங்கை முற்றிலும் கழுவி உலர்த்தி, ஒவ்வோர் உருளைக்கும் இடையில் கிரீஸ் ஏறும்படி அழுத்தி, புதிய சீலோடு பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பு எந்த வகைக் கிரீஸ் இருந்ததென்று தெரியாதபோது அதன் மேலேயே வேறொன்றை நிரப்புவதும் தவறு. லித்தியம் அடிப்படையிலான கிரீஸும் பாலியூரியா அடிப்படையிலான கிரீஸும் கலந்தால் நீர்த்து ஒழுகிவிடக்கூடும்.

பேரிங்கை மாற்றும்போது உருளைகள் உள்ள உள்கூம்பை மட்டும் மாற்றி, ஹப்பில் இறுகியிருக்கும் வெளிவளையத்தை அப்படியே விட்டுவிடுவது பரவலான தவறு. பழைய வளையத்தின் குழிகள் புதிய உருளைகளையும் சில பயணங்களில் கெடுத்துவிடும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகளே புழக்கத்தில் உள்ளன. ஹோல்டன் வகை எனப்படும் எல்எம் தொகுதியில் உள்பேரிங் 67048, வெளிப்பேரிங் 11949. ஃபோர்டு வகை எனப்படும் எஸ்எல் தொகுதியில் உள்பேரிங் 68149, வெளிப்பேரிங் 12749. தம் டிரெய்லரில் இருப்பது எதுவென்று முன்பே அறிந்து, ஒரு முழுத் தொகுதியையும் சீலையும், நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசியையும் காரில் வைத்திருப்பவர் சாலையோரத்தில் நிற்க நேர்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். பூட்டும்போது, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் சற்றே தளர்த்தி, மயிரிழை அளவு ஆட்டம் விட்டு, புதிய பிளவு ஊசியைப் போட வேண்டும். ‘இறுக்கமாக இருந்தால் பாதுகாப்பு’ என்ற எண்ணம் இந்த இடத்தில் பேரிங்கை எரித்துவிடும்.

இனி உருளைகளைப் பார்ப்போம். டிரெய்லரின் பெயரே அவற்றால்தான் வந்தது என்றாலும், பலரும் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படகு மேலே இருக்கும்போது அவற்றைச் சோதிக்க முடியாது என்பது ஒரு காரணம். படகு நீரில் மிதக்கும் சில நிமிடங்கள்தான் தக்க தருணம். டிரெய்லரை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனதும் ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றிப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்கத் தொடங்கியது, ஏராவின் மேல் பூச்சு ஒரே கோடாக உரிந்திருப்பதைக் கண்ட பிறகுதான். நடுவரிசையில் ஓர் உருளை சுழலும் அச்சாகிய ஊசி துருவேறி இறுகிப்போய், ஒரு பருவம் முழுவதும் படகு அதன் மேல் உரசிக்கொண்டே ஏறியிருக்கிறது. சுழலாத உருளையில் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். தேய்ந்தபின் அது ஒருபோதும் சரியாகச் சுழலாது. ஊசியை ஆண்டுதோறும் உருவித் துடைத்து, துரு இருந்தால் மாற்றி, மெல்லியதாக நீர் தாங்கும் கிரீஸ் தடவிப் போட வேண்டும். இயற்கை ரப்பர் உருளைகளின் ஊசியில் கனிம எண்ணெய் சார்ந்த கிரீஸைப் பூசினால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். அவற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ் பொருத்தம். அளவுக்கு மீறிப் பூசினால் கரை மணல் அதில் ஒட்டி, அரம் போல ஊசியை அராவும்.

உடைந்த உருளைக்கு மாற்று வாங்கும்போது அளவை மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. கடினமான நைலான் உருளை மெல்லிய அலுமினியப் படகின் அடித்தகட்டை நசுக்கக்கூடும்; ஃபைபர் படகில் சில கறுப்பு ரப்பர் உருளைகள் கறை விடும். பாலியூரித்தேன் உருளை பல படகுகளுக்கு ஏற்றது. இதைவிடப் பெரிய பிழை உருளைகளின் உயரத்தில் நிகழ்கிறது. ஏராவின் கீழுள்ள நடு உருளைகள் எடையைத் தாங்கும்படியும், பக்க உருளைகள் படகு சாயாமல் பிடிக்கும்படியும் அமைக்கப்பட்ட டிரெய்லரில், பக்கக் கைகளை மேலும் உயர்த்திவிட்டால், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் படகின் முழு எடையும் விழுந்து அடிப்பகுதி உள்வாங்கும். எஞ்சின் தொங்கும் பின்பலகைக்கு நேர் கீழே தாங்கல் இருப்பது மிகமிக அவசியம். படகின் பின்புறம் கடைசி உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எஞ்சினின் எடை அடிப்பகுதியை நாளடைவில் வளைத்துவிடும். அந்த வளைவு பின்னர் படகின் ஓட்டத்திலேயே தெரியும்.

உருளைகள் நன்றாகச் சுழலும் டிரெய்லரில் மற்றோர் ஆபத்து உண்டு. சறுக்குப் பலகை வகைக்குப் பழகியவர்கள், சரிவின் உச்சியிலேயே வின்ச் கொக்கியையும் படகின் முன்முனையாகிய அணியத்தின் சங்கிலியையும் கழற்றிவிட்டுப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். பலகையில் உராய்வு படகைப் பிடித்துக்கொள்ளும். உருளையில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. படகு சிமென்ட் சரிவில் விழும். பின்னால் யாரேனும் நின்றிருந்தால் அதைவிடக் கொடிய விபத்தும் நேரும். படகின் பின்பகுதி நீருக்கு மேலே வந்து நின்ற பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும் என்பதில் எந்த விலக்கும் வேண்டாம். அதே காரணத்தால் உருளைகளின் மேற்பரப்பில் சிலிக்கோன் தெளிப்பானை அடிக்கவும் கூடாது. சாலையில் செல்லும்போது வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல், அணியத்தில் தனிச் சங்கிலியும் பின்புறத்தில் இரண்டு கட்டுப்பட்டைகளும் போட வேண்டும். வெயிலில் பட்டையின் தையல் நைந்திருக்கிறதா என்பதைப் பருவத்தின் தொடக்கத்தில் பட்டையை முழுவதும் அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கழுவுவதில் பலரும் கண்ணுக்குத் தெரியும் இடங்களோடு நின்றுவிடுகிறார்கள். துத்தநாகம் பூசிய சட்டத்தின் வெளிப்புறம் பளபளக்கும். பெட்டிக் குழாயின் உட்புறத்தில் உப்பும் மணலும் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். குழாயின் ஒரு முனையில் தண்ணீரைச் செலுத்தி, மறுமுனையில் தெளிவாக வரும் வரை ஓடவிட வேண்டும். வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் திறக்க வேண்டும். தகடு அடுக்கிய ஸ்பிரிங்கின் இடுக்குகள், யூ வடிவப் போல்ட்டுகள், பிரேக்கின் உட்பகுதி ஆகியவையும் நன்னீரால் நனைய வேண்டும். உலர்ந்தபின் ஸ்பிரிங்குகளில் ஆட்டு ரோமக் கொழுப்பாகிய லானோலின் தெளிப்பது நல்ல பழக்கம்; அது பிரேக்கின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பற்றி ஆஸ்திரேலிய விதி தெளிவாகவே உள்ளது. சுமையோடு சேர்த்து அச்சின் மேல் விழும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். படகின் எடையை மட்டும் கணக்கிட்டு எஞ்சின், எரிபொருள், பனிப்பெட்டி, நங்கூரம் ஆகியவற்றை மறப்பவர்கள், தம்மை அறியாமலே இந்த எல்லையைக் கடந்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படிக்கப் பழகுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. சாலையைத் தொடும் பரப்பின் பொத்தான்கள் ஆழமாக இருந்தாலும், வெயிலில் நின்று பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்த டயரை மாற்ற வேண்டும்.

பருவம் முடிந்து நிறுத்தும்போது கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். உப்பு பட்ட தட்டோடு பிரேக் கட்டை துருவால் ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி டிரெய்லரின் முன்முனையைத் தாங்கும் முன்கால் சக்கரத்தால் அதை உயர்த்தி, அடைப்பானைக் கழற்றி வைத்தால் மழைநீர் வடிந்துவிடும். படகுக்குள் 200 லிட்டர் நீர் தேங்கினால் 200 கிலோ கூடுதல் சுமை அந்தச் சில உருளைகளின் மேலேயே குளிர்காலம் முழுவதும் அழுந்திக்கொண்டிருக்கும். கழற்றிய அடைப்பானை வின்ச் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். அக்டோபரில் படகை இறக்குவதற்கு முன் கை அங்கேதான் முதலில் போகும்.