நைட்ரஸ் கிட் வாங்கும் முன்: கிருஷ்ணகிரி வெயிலுக்கு ஒரு வழிமுறை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்) போட்டு இன்ஜின் கட்டி முடித்த தம்பிகள் அடுத்துக் கேட்பது, "அண்ணா, எத்தனை ஹார்ஸ்பவர் ஷாட் போடலாம்?" என்றுதான். ஷாட் என்றால் நைட்ரஸ் கூட்டித் தரும் பவர். அந்த எண்ணைக் கடைசியில் பார்ப்போம்.

நைட்ரஸ் கிட், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை இன்ஜினுக்குள் செலுத்திப் பவரைக் கூட்டும். அந்த வாயு தானாக எரியாது. சிலிண்டருக்குள் சூடு சுமார் 300 டிகிரியைத் தொடும்போது உடைந்து ஆக்சிஜன் தருகிறது. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் பிஸ்டன் உருகும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே கிட் தேர்ந்தெடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே சோதித்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதற்கு மேல் படிக்க வேண்டாம். கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

முதல் வேலை, பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டி, டைனோவில் (இன்ஜின் பவரை அளக்கும் மேடை) முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுவது. முள் இறங்கினால் பம்பை மாற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்து கிட். புதியவருக்கு வெட் கிட்தான் என் தேர்வு. நைட்ரஸும் பெட்ரோலும் தனித்தனி சொலினாய்டு (மின்சார வால்வு) வழியாக ஒரே நாசிலில் (தெளிப்பான்) சேர்ந்து வரும். ஜெட் (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மாற்றி அளவைத் திருத்தலாம். டிரை கிட்டில் கூடுதல் பெட்ரோலை ஒரிஜினல் இன்ஜெக்டரே தர வேண்டும், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங் கச்சிதமாக இருக்க வேண்டும். ஜெட் அட்டவணை சாதாரண பெட்ரோலுக்குப் போட்டதாக இருந்தால், நம் பங்கில் கிடைக்கும் இ20-க்கு அது போதாது. எத்தனால் கலந்ததால் கூடுதல் எரிபொருள் தேவை. ஃப்யூயல் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கித் தொடங்குங்கள்.

மூன்று சுவிட்ச் கட்டாயம். முழு ஆக்சிலேட்டரில் மட்டும் திறக்க ஒன்று; 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழும் ரெவ் லிமிட்டரை (ஆர்பிஎம்மின் உச்ச வரம்பு) நெருங்கும்போதும் மூடிவிட ஒன்று; பெட்ரோல் பிரஷர் விழுந்தால் நைட்ரஸை நிறுத்த ஒன்று. பணம் போதவில்லை என்றால் பர்ஜ் கிட்டை (ஓட்டத்துக்கு முன் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது) விடுங்கள், இவற்றை விடாதீர்கள்.

இனி நைட்ரஸ் பாட்டில். நம் ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பாட்டில் 30 முதல் 35 டிகிரி வரை இருந்தால் பிரஷர் 900 முதல் 1,000 பிஎஸ்ஐ, அதுதான் சரியான அளவு. 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது. சித்திரை மதியம் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். பிரஷர் ஏறினால் நைட்ரஸ் அதிகமாகப் பாயும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். கேஜில் 1,100 தெரிந்தால் ஈரச் சாக்கைப் போர்த்தி, நிழலில் ஆறவிட்டு, 950-க்கு வந்த பிறகே ஓட்டுங்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். பாதுகாப்பு டிஸ்க் உடைந்தால் வாயு வெளியேற, காருக்கு வெளியே போகும் குழாய் வேண்டும். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

சரி, இப்போது ஷாட். 50 ஹார்ஸ்பவருக்கு மேல் வேண்டாம். இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி ரிட்டார்ட் செய்து (பொறியைத் தாமதப்படுத்தி), ஒரு படி குளிர்ச்சியான (சூட்டை வேகமாகக் கடத்தும்) பிளக் போடுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் இன்ஜினை உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோலக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் நாக் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) ஆகியிருக்கிறது. வெள்ளி மினுக்கு தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்குப் பாட்டில் வால்வை மூடிவிட்டு, கம்ப்ரஷன் பார்க்காமல் அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.