சொற்பொழிவுக்கு ஒரே டிக்கெட்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் நடக்கும் சமூக அறிவியல் சொற்பொழிவு, கருத்தரங்குகளுக்குத் திருவொற்றியூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ போகிறவர்கள், ஏறும் நிலையத்திலேயே சேப்பாக்கத்துக்குப் போகவர டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். புறநகர் மின்வண்டி, கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வழியாகப் போகும் பறக்கும் ரயில் இரண்டையும் ரயில்வேதான் நடத்துவதால் ஒரே டிக்கெட் செல்லும். கடற்கரை நிலையத்தில் இறங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம், அப்படியே பறக்கும் ரயிலுக்கு மாறலாம். கூட்டம் முடிந்ததும் கவுண்டரைத் தேடி ஓட வேண்டியதில்லை. கேள்வி நேரம் வரை நிதானமாக உட்காரலாம். பேச்சைவிட அதில்தான் பல சமயம் விஷயம் இருக்கும்!

ஏறும்முன் கடற்கரை வண்டிதானா என்று பாருங்கள். சென்ட்ரல் வண்டி என்றால் இறங்கிப் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். நிகழ்ச்சி கிண்டி வளாகத்தில் என்றால் சேப்பாக்கம் டிக்கெட் உதவாது. அழைப்பிதழில் வளாகத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.