பொய்யர் முரண்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

“இந்த வாக்கியம் பொய்.” இதை உண்மை என்று வைத்துக்கொண்டால், அது சொல்கிறபடியே பொய்யாகிவிடும். பொய் என்று வைத்துக்கொண்டால், அது சொல்வது சரியாகி உண்மையாகிவிடும். பொய்யர் முரண் இவ்வளவுதான். ஆனால் இதை விளக்கப் புகுந்தவர்கள் பலர், முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள்ளேயே அவிழ்த்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பலரும் பண்டைய கிரேக்க ஞானி எபிமெனிடிஸில் இருந்து தொடங்குவார்கள். “கிரீட்காரர்கள் எப்போதும் பொய்யர்கள்” என்று கிரீட் தீவுக்காரரான அவரே சொன்னாராம், அதுதான் முரணாம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவர் சொன்னது உண்மையென்றால் சிக்கல்தான். பொய்யென்றால்? யாரோ ஒரு கிரீட்காரர் எப்போதோ ஒருமுறை உண்மை பேசியிருக்கிறார் என்றாகும், அவ்வளவே. அதில் முரண் எதுவும் இல்லை. பைபிளில் தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலும் (1:12) இந்த வரி வருகிறது. அங்கே அது தர்க்கப் புதிர் அல்ல, கிரீட்காரர்களைக் கண்டிக்கக் காட்டும் சாட்சி. அசல் முரணை கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிலேத்தஸ் நகரத்துக் கிரேக்கத் தத்துவவாதி யூபுலிடீஸ் பெயரில் சொல்வதே மரபு.

அப்புறம், “ஒரு வாக்கியம் தன்னைப் பற்றியே பேசுவதுதான் கோளாறு, அதைத் தடைசெய்துவிட்டால் சரியாகிவிடும்” என்ற வாதம். இடைக்கால ஐரோப்பாவிலும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. 1320களில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் பிராட்வர்டின் அவர்களை மறுத்து எழுதினார். “இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன” என்பதும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது. எண்ணிப் பாருங்கள், உண்மை! இன்னொரு பக்கம், தத்துவவாதி ஸ்டீபன் யாப்லோ 1993இல் முடிவில்லாத ஒரு வாக்கிய வரிசையைக் காட்டினார். அதில் ஒவ்வொன்றும் “எனக்குப் பின்னால் வருபவை எல்லாம் பொய்” என்கிறது. எதுவும் தன்னைச் சுட்டவில்லை, ஆனாலும் முரண் வருகிறது. அதிலும் ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை.

“அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, பொருளற்றது” என்று ஒதுக்குவதுதான் மிகவும் பரவலான தவறு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இப்போது “இந்த வாக்கியம் உண்மை அல்ல” என்று மாற்றி எழுதுங்கள். பொருளற்ற வாக்கியம் உண்மையாக இருக்க முடியாது. ஆக, அது உண்மை அல்ல. அதைத்தானே அந்த வாக்கியமும் சொல்கிறது? மறுபடியும் மாட்டிக்கொண்டோம். எந்தத் தீர்வைப் படித்தாலும் முதலில் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

தர்க்கவியலாளர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி இந்த முரணைத் தீர்த்துவிட்டார் என்பதும் மிகை. ஒரு மொழியின் வாக்கியங்களை உண்மை என்றோ பொய் என்றோ சொல்வதற்கு அதற்கு மேலான இன்னொரு மொழி வேண்டும் என்றார் அவர்; அப்போது எந்த வாக்கியமும் தன்னையே பொய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஏற்பாடு, கணிதத்தில் போல விதிகளால் கறாராக வரையறுத்த மொழிகளுக்கானது. நாம் பேசும் மொழி தன்னைப் பற்றியும் தானே பேசிக்கொள்வதால், அதற்கு இது பொருந்தும் என்று அவரே நம்பவில்லை.

கடைசியாக, தர்க்கவியலாளர் குர்ட் கோடல் 1931இல் அமைத்த வாக்கியத்தைப் பொய்யர் முரணோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. பொய்யர் முரணோடு அதற்குள்ள ஒற்றுமையை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய வாக்கியம் தன்னைப் பொய் என்று சொல்வதில்லை; “இந்த அமைப்புக்குள் என்னை நிரூபிக்க முடியாது” என்கிறது. அமைப்பு என்றால், கணித உண்மைகளை நிரூபிக்க வகுத்த அடிப்படைக் கூற்றுகளும் விதிகளும். அமைப்பு முரணற்றதாக இருந்தால் அதை அங்கே நிரூபிக்க முடியாது. அதாவது, அது சொல்வது உண்மை. இங்கே எந்த முரணும் எழவில்லை. கிடைப்பது ஒரு தேற்றம்.